சர்வதேசக் கால்பந்தில் நடுவர் தீர்ப்பையும் காணொளி மறுஆய்வையும் எடைபோடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சர்வதேச ஆட்டம் முடிந்ததும் "நடுவர் செய்தது சரியா?" என்று கேட்கும்போது, நாம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். களத்தில் நின்ற நடுவர் முதலில் எடுத்த முடிவு விதிப்படி சரிதானா என்பது ஒரு கேள்வி. அந்த முடிவில் காணொளி உதவி நடுவர், அதாவது வி.ஏ.ஆர்., தலையிட்டிருக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு "நான் வேறு முடிவு எடுத்திருப்பேன்" என்று விடை சொல்பவரே, இரண்டாவதற்கு "தலையிடாமல் விட்டது சரி" என்றும் நேர்மையாகச் சொல்ல முடியும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவரை எவ்வளவு ரீப்ளே பார்த்தாலும் வாதம் முடியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பிரிவினையைக் காப்பாற்றுவதற்காகவே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

முதல் படி: எந்த ஆண்டின் விதி, எந்தத் தொழில்நுட்பம்?

கால்பந்தின் விதிகளை ஃபிஃபா தனியாக எழுதுவதில்லை. 1886-இல் தொடங்கிய ஐஃபாப் என்னும் பன்னாட்டு வாரியமே அவற்றை எழுதுகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்குத் தலா ஒரு வாக்கும் ஃபிஃபாவுக்கு நான்கு வாக்குகளும் உண்டு. எட்டில் ஆறு வாக்குகள் கிடைத்தால்தான் ஒரு விதி மாறும். மொத்தம் 17 விதிகள். புதிய பதிப்பு வழக்கமாக ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். ஆகவே எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோமோ, அந்த ஆட்டம் நடந்த நாளில் செல்லுபடியான பதிப்பைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

இது வெறும் ஒழுங்குமுறைக் கவலை அல்ல. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, தாக்கும் அணியில் யாருடைய கையில் பந்து தற்செயலாகப் பட்டு, அதைத் தொடர்ந்து கோல் விழுந்தாலும் அந்தக் கோல் செல்லாது. 2021-இல் இது தளர்த்தப்பட்டது: கோல் அடித்தவரின் கையிலேயே பட்டு உடனே கோல் விழுந்தால் மட்டும் தற்செயலானதும் குற்றம்; சக வீரரின் கையில் தற்செயலாகப் பட்டது குற்றமில்லை. ஒரே மாதிரியான இரண்டு கோல்களில் 2020-இல் விழுந்தது செல்லாமலும் 2022-இல் விழுந்தது செல்லுபடியாகவும் போகலாம். இரண்டு நடுவர்களும் சரியாகவே நடந்திருப்பார்கள்.

அடுத்து, அந்த ஆட்டத்தில் என்னென்ன கருவிகள் இருந்தன என்று பாருங்கள். 2021 மார்ச் 27 அன்று பெல்கிரேடில் நடந்த செர்பியா - போர்ச்சுகல் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் ரொனால்டோ அடித்த பந்து கோட்டைத் தாண்டியதைத் தொலைக்காட்சி பார்த்த அனைவரும் கண்டார்கள். ஆனால் கோல் வழங்கப்படவில்லை, ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அங்கே வி.ஏ.ஆரும் இல்லை, கோல் கோட்டுத் தொழில்நுட்பமும் இல்லை. "வி.ஏ.ஆர். தூங்கிவிட்டது" என்ற குற்றச்சாட்டுக்கு அங்கே இடமே கிடையாது. சில தொடர்களில் வேறொரு முறையும் சோதிக்கப்படுகிறது: கொலம்பியாவில் 2024-இல் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில், ஒவ்வொரு அணியின் பயிற்சியாளரும் குறிப்பிட்ட தடவை மறுஆய்வு கோரும் முறை பயன்பட்டது. கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். முறைக்கு அது ஓரளவு நெருக்கமானது. வழக்கமான வி.ஏ.ஆரில் அணிகளுக்கு அந்த உரிமை இல்லை.

இரண்டாம் படி: மறுஆய்வுக்கு உட்பட்ட விஷயமா?

வி.ஏ.ஆர். 2018-இல் விதிநூலில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பைதான் அதைப் பயன்படுத்திய முதல் உலகக் கோப்பை. அப்போது வகுக்கப்பட்ட எல்லை நான்கு: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான வீரருக்கு அட்டை காட்டிய ஆள்மாறாட்டம். நடுக்களத்து ஃப்ரீ கிக், த்ரோ-இன், கார்னர், இரண்டாவது மஞ்சள் அட்டை ஆகியவை அந்த வடிவத்தில் வெளியே நின்றன. இந்த எல்லைக்கோடு பதிப்புக்குப் பதிப்பு நகரக்கூடியது என்பதால்தான் முதல் படியை முதலில் வைத்தேன்.

இந்த எல்லை எவ்வளவு வலி தரக்கூடியது என்பதற்கு 2018 ஜூலை 15 அன்று மாஸ்கோவில் நடந்த இறுதி ஆட்டமே போதும். குரோஷியாவுக்கு எதிராக பிரான்ஸ் பெற்ற முதல் கோல் ஒரு ஃப்ரீ கிக்கிலிருந்து பிறந்தது. பிரான்சின் கிரீஸ்மன் விழுந்த விதத்தைப் பார்த்த பலருக்கு அது ஃபவுலாகவே படவில்லை. அவர் அடித்த பந்து குரோஷியாவின் மான்ஜுகிச்சின் தலையில் பட்டுச் சொந்த கோலானது. ஃப்ரீ கிக் கொடுத்தது சரியா என்ற கேள்வி நான்கு வகைகளுக்குள் வராததால், காணொளி அறையில் இருந்தவர்களால் எதுவும் செய்ய இயலாது. ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து, குரோஷியாவின் பெரிசிச்சின் கையில் பந்து பட்டது பெனால்டி சம்பந்தப்பட்டது என்பதால் மறுஆய்வுக்கு வந்தது. ஒரே ஆட்டத்தில் ஒரு சந்தேகத்துக்குக் கதவு திறந்தது, இன்னொன்றுக்குத் திறக்கவில்லை. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் மனம் உறுத்துகிறது. ஆனால் அந்த உறுத்தல் விதியைப் பற்றியது. அதை அன்றைய காணொளி நடுவர்களின் கணக்கில் எழுதுவது முறையல்ல.

மூன்றாம் படி: பார்க்கும் முறையைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ரீப்ளே பார்க்கும் வரிசை தீர்ப்பையே மாற்றிவிடும். முதலில் வர்ணனையின் ஒலியை அணைத்துவிட்டு, முழு வேகத்தில் ஒருமுறை பாருங்கள். அதன்பின் நடுவர் நின்ற இடத்தைக் கண்டுபிடியுங்கள்: அவருக்கும் சம்பவத்துக்கும் இடையில் யார் நின்றார், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2010 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் மார்பில் காலால் உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள் அட்டைதான் காட்டினார். தன் பார்வை மறைக்கப்பட்டிருந்தது, தெளிவாகப் பார்த்திருந்தால் சிவப்பு அட்டைதான் என்று வெப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். அந்த முடிவு தவறு. ஆனால் துணிவில்லாததால் வந்த தவறு அல்ல, பார்க்க முடியாததால் வந்த தவறு. இப்படிப்பட்ட தவறைப் பிடிப்பதற்காகத்தான் காணொளி மறுஆய்வே பிறந்தது.

மெதுவான காட்சியை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு நெறிமுறையே வரம்பு வைத்திருக்கிறது. எங்கே பட்டது, கையில் பட்டதா, பெனால்டி பகுதிக்கு உள்ளேயா வெளியேயா போன்ற தொடுபுள்ளிக் கேள்விகளுக்கு மெதுவான காட்சி. எவ்வளவு வேகத்தில், எவ்வளவு பலத்தோடு மோதினார், கையை வேண்டுமென்றே கொண்டுபோனாரா என்ற கேள்விகளுக்கு இயல்பான வேகம். மெதுவாக்கும்போது அரை விநாடிச் செயல் ஐந்து விநாடியாக நீள்கிறது. அந்த ஐந்து விநாடியும் வீரர் யோசித்துக்கொண்டே செய்ததுபோல நமக்குத் தோன்றிவிடுகிறது. நிறுத்திவைத்த படமோ இன்னும் மோசம்: பூட்ஸ் கணுக்காலில் படிந்திருக்கும் ஒரே ஒரு சட்டகம் (ஃப்ரேம்), சும்மா உரசிச் சென்றதையும் எலும்பை முறிக்கும் தாக்குதலாகக் காட்டும். சமூக ஊடகங்களில் சுற்றும் நிறுத்தப் படத்தை மட்டும் பார்த்து எந்தச் சிவப்பு அட்டையையும் தீர்மானிக்காதீர்கள் என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

இன்னொரு பழக்கமும் உதவும். சட்டைகளின் நிறத்தை மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். அதே மோதலை எதிரணி வீரர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டு, விடையை ஒரு வரியில் எழுதிவிட்டு, அதன் பிறகே நடுவர் என்ன செய்தார் என்பதோடு ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: அளந்து சொல்லக்கூடியவை

சில முடிவுகளில் கருத்துக்கு இடமில்லை, அளவுதான் பேசும். கோல் கோடு அவற்றில் முதன்மையானது. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல். பக்கக் கோடுகளுக்கும் இதே விதி. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்கு உள்ளே விழுந்து திரும்பியும் கோல் கிடைக்கவில்லை. 2012-இல் ஐஃபாப் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி தந்தது. 2014 உலகக் கோப்பையிலிருந்து நடுவரின் கைக்கடிகாரத்துக்கு ஒரு விநாடிக்குள் செய்தி வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் தகராறு ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

"முழுவதும்" என்ற சொல்லைத்தான் பலர் கவனிப்பதில்லை. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ.; அதாவது விட்டம் ஏறத்தாழ 22 செ.மீ. தரையைத் தொடும் புள்ளி கோட்டின் வெளிவிளிம்பைத் தாண்டிப் பத்து செ.மீ. அப்பால் இருந்தாலும், மேலே வளைந்து நிற்கும் பந்தின் ஒரு சிறு பகுதி கோட்டுக்கு நேர்மேலே இருக்க முடியும். அப்போது பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது. 2022 உலகக் கோப்பையில் டிசம்பர் 1 அன்று ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிட்டோமா கோட்டருகிலிருந்து திருப்பித் தட்டிய பந்தை டனாகா கோலாக்கியபோது நடந்தது அதுவே. பக்கவாட்டுக் கேமராவில் பந்துக்கும் கோட்டுக்கும் இடையே பச்சைப் புல் தெரிந்தது. கோட்டுக்கு நேர்மேலே இருந்து எடுத்த படத்தில் இடைவெளி இல்லை. மறுஆய்வுக்குப் பின் கோல் உறுதியானது, ஜப்பான் 2-1 என்று வென்றது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வெளியேறியது. ஆகவே கோட்டைப் பற்றிய எந்தப் படத்தையும் நம்பும் முன், கேமரா கோட்டோடு ஒரே நேரில் இருந்ததா என்று கேளுங்கள். சாய்ந்த கோணத்திலிருந்து எடுத்த படம் எதையும் நிரூபிக்காது.

ஆஃப்சைடு இரண்டு பகுதிகள் கொண்டது. இதையும் பிரித்தே பார்க்க வேண்டும். முதல் பகுதி இடம்: சக வீரர் பந்தைத் தொடும் கணத்தில், எதிரணியின் பாதிக் களத்தில், பந்தையும் கடைசியிலிருந்து இரண்டாவதாக உள்ள எதிராளியையும் விடத் தலை, உடல், கால் ஆகியவற்றின் ஏதேனும் ஒரு பகுதி கோல் கோட்டுக்கு அருகில் இருக்கிறதா? கையும் புயமும் கணக்கில் சேராது. அக்குளின் அடிப்பகுதிக்கு நேரான கோட்டோடு புயம் தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. இது முழுக்க அளவு. இரண்டாம் பகுதி ஈடுபாடு: அந்த இடத்தில் நின்றவர் பந்தை விளையாடினாரா, எதிராளிக்கு இடையூறு செய்தாரா, அங்கே நின்றதால் ஆதாயம் பெற்றாரா? இதில் கணிப்பு நுழைகிறது.

இடத்தை அளப்பதில் கூட ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவர், விநாடிக்கு 50 சட்டகங்கள் எடுக்கும் கேமராவில், ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையில் 16 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் அதே வேகத்தில் ஓடினால் இடைவெளி 32 செ.மீ. மாறும். பந்தை எந்தச் சட்டகத்தில் உதைத்தார் என்பதைக் கண்ணால் தேர்ந்தெடுத்த காலத்தில், விரற்கடை ஆஃப்சைடுகள் மீது எழுந்த சந்தேகம் நியாயமானதே. 2022 கத்தார் உலகக் கோப்பையில் வந்த பாதித் தானியங்கி முறை இதற்கான விடை: கூரைக்கு அடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன, பந்துக்குள் இருந்த உணர்கருவி விநாடிக்கு 500 முறை செய்தி அனுப்பி, உதைத்த கணத்தைப் பிடித்தது. தொடக்க ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்திலேயே ஈக்வடாரின் வலென்சியா அடித்த கோல் இந்த முறையால் ரத்தானது. முதலில் அரங்கில் யாருக்கும் காரணம் விளங்கவில்லை, பிறகு வெளிவந்த முப்பரிமாணப் படத்தில் சக வீரர் எஸ்ட்ராடாவின் கால் முன்னே இருந்தது தெரிந்தது.

இரண்டாம் பகுதிக்கு நல்ல பாடம் 2021 அக்டோபர் 10 அன்று மிலானில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த, ஐரோப்பிய நாடுகளின் தொடரான நேஷன்ஸ் லீக் இறுதி. பந்து தரப்பட்டபோது பிரான்சின் எம்பாப்பே ஆஃப்சைடு இடத்தில்தான் இருந்தார். ஆனால் ஸ்பெயினின் எரிக் கார்சியா பந்தைத் தடுக்கக் காலை நீட்டித் தொட்டதால், அவர் பந்தை வேண்டுமென்றே விளையாடியதாகக் கொள்ளப்பட்டு, எம்பாப்பேயின் கோல் நின்றது. பிரான்ஸ் 2-1 என்று வென்றது. அன்றைய விதிவிளக்கப்படி அந்த முடிவைத் தவறென்று சொல்ல முடியாது. விதியின் நோக்கத்தோடு அது பொருந்தவில்லை என்ற எண்ணம் பரவலாக எழுந்தது. 2022-இல் ஐஃபாப் "வேண்டுமென்றே விளையாடுதல்" என்பதற்குப் புதிய அளவுகோல்களைத் தந்தது. பந்து தொலைவிலிருந்து வந்ததா, தெளிவாகப் பார்க்க முடிந்ததா, வேகம் குறைவா, எதிர்பார்த்த திசையா, உடலை ஒழுங்குபடுத்த நேரம் இருந்ததா, தரையில் வந்ததா காற்றில் வந்ததா என்று இப்போது கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: கணித்துச் சொல்ல வேண்டியவை

ஃபவுலில் தொடர்பு ஏற்பட்டதா என்பது தொடக்கக் கேள்விதான். விதி மூன்று நிலைகளை வகுக்கிறது. கவனக்குறைவு என்றால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாத முரட்டுத்தனம் என்றால் மஞ்சள் அட்டை. மட்டுமீறிய பலம், அல்லது எதிராளியின் உடலுக்கு ஆபத்து என்றால் சிவப்பு அட்டை. இவற்றைப் பிரிக்க நான் பார்ப்பவை: எவ்வளவு தூரத்திலிருந்து ஓடிவந்தார், கால் நேராக விறைத்திருந்ததா மடங்கியிருந்ததா, பட்டது பாதமா கணுக்காலா முழங்காலா, கடைசிக் கணத்தில் பின்வாங்க முயன்றாரா. "பந்தைத் தொட்டுவிட்டார்" என்ற வாதம் இவற்றில் எதற்கும் விடையாகாது.

உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்த குற்றத்துக்கு நான்கு கூறுகளை ஒன்றாக எடைபோட வேண்டும்: கோலுக்கு உள்ள தொலைவு, ஆட்டம் செல்லும் திசை, பந்து தாக்குபவரின் கட்டுப்பாட்டில் இருந்தது அல்லது வந்திருக்கும் என்ற வாய்ப்பு, தடுப்பாட்டக்காரர்களின் எண்ணிக்கையும் இடமும். "கடைசி ஆள்" என்ற சொல் விதியில் இல்லை. 2016 முதல், பெனால்டி பகுதிக்குள் பந்தை விளையாட முயன்றே ஃபவுல் செய்தவருக்குப் பெனால்டியோடு மஞ்சள் அட்டை மட்டுமே. பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ சிவப்பு அட்டை தொடரும்.

ஹேண்ட்பால்தான் எல்லாவற்றிலும் கடினமானது. வேண்டுமென்றே தொட்டாரா? இல்லையெனில், கையால் உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கிக்கொண்டாரா? இயல்புக்கு மாறு என்பதற்கு விதி தரும் பொருள், அந்தச் சூழலில் அவர் செய்த உடல் அசைவால் அந்தக் கைநிலையை நியாயப்படுத்த முடியாமை. ஓடும்போதும் குதிக்கும்போதும் கை விரியத்தான் செய்யும். விரிந்த கை எல்லாம் குற்றமல்ல. ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவில், 2024-இல் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக பெல்ஜியத்தின் லுகாகு அடித்த கோல், அதற்கு முன் சக வீரர் ஒப்பெண்டாவின் கையில் பந்து பட்டதற்காக ரத்தானபோது, பந்திலிருந்த உணர்கருவியின் துடிப்பு வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். அந்தக் கருவி சொன்னது பந்தில் தொடுதல் நிகழ்ந்தது என்பதை மட்டுமே. அது குற்றமா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை மறந்து, வரைபடமே தீர்ப்புச் சொன்னதாக நினைப்பவர்கள் மிகுதி.

ஆறாம் படி: தலையிடும் வரம்பு

கணிப்புக்குரிய முடிவுகளில் வி.ஏ.ஆர். தலையிட இரண்டே காரணங்கள் உண்டு: தெளிவான, வெளிப்படையான தவறு, அல்லது நடுவர் பார்க்காமல் விட்ட கடுமையான சம்பவம். "எது சிறந்த முடிவு?" என்று காணொளி அறையில் கேட்பதில்லை. "களத்து முடிவு நிலைக்கவே முடியாத அளவுக்குத் தவறா?" என்றே கேட்கிறார்கள். கிரிக்கெட்டில் "அம்பயர்ஸ் கால்" என்று நடுவரின் முதல் முடிவுக்கு மதிப்புக் கொடுப்பதைப் போல, இங்கேயும் ஐயம் களத்து முடிவுக்கே சாதகம். ஆஃப்சைடு இடம், பெனால்டி பகுதியின் எல்லை போன்ற அளவுக் கேள்விகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அங்கே ஒரு விரற்கடையும் முடிவை மாற்றும்.

இப்போது பெரிசிச்சுக்குத் திரும்புவோம். நடுவர் பித்தானா களத்தோரத் திரையைப் பார்த்தார், விலகினார், திரும்பி வந்து மீண்டும் பார்த்தார், பிறகு பெனால்டி தந்தார். 1-1 ஆக இருந்த ஆட்டம் 2-1 ஆனது, இறுதியில் பிரான்ஸ் 4-2 என்று வென்றது. கை பந்தின் பாதையில் இருந்தது உண்மை, எனவே பெனால்டி என்ற முடிவுக்கு விதியில் ஆதாரம் உண்டு. ஆயினும் நடுவரே இருமுறை பார்க்க வேண்டியிருந்த ஒன்றை வெளிப்படையான தவறு என்று அழைப்பது கடினம். களத்திலேயே பெனால்டி தந்திருந்தால் அதை மாற்றக் காரணம் இல்லை. தராதபோது மாற்றவும் போதிய காரணம் இல்லை என்பது என் கணிப்பு. தொடக்கத்தில் சொன்ன இரண்டு கேள்விகளும் வெவ்வேறு விடை பெறுவது இப்படித்தான்.

ஏழாம் படி: நடைமுறை ஒழுங்காக நடந்ததா?

இதைச் சுருக்கமாகவே சரிபார்க்கலாம். நடுவர் முதலில் தானாக ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். காணொளி அறை சொல்லட்டும் என்று சும்மா இருக்கக் கூடாது. நான்கு வகைகளில் அடங்கும் ஒவ்வொரு சம்பவமும் ஓசையில்லாமல் சோதிக்கப்படுகிறது, ஆகவே "பார்க்கவே இல்லை" என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் பொருந்தாது, பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். மறுஆய்வுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. அளவுக் கேள்விகளில் நடுவர் திரைக்குப் போகாமலே செய்தியை ஏற்கலாம். கணிப்புக் கேள்விகளில் திரைக்குப் போய்த் தானே பார்ப்பதே முறை, இறுதி முடிவும் அவருடையதே. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், ஆள்மாறாட்டம், வன்முறை, துப்புதல், கடித்தல், மிகவும் இழிவான செயல் போன்ற சிலவற்றைத் தவிர வேறெதற்கும் பின்னோக்கிப் போக முடியாது. துணை நடுவர் கொடியைத் தாமதித்து உயர்த்துவதும் தவறல்ல: கோல் வாய்ப்பு நெருங்கும் நேரத்தில் கொடி உயர்ந்து விசில் ஊதப்பட்டால், பின்னர் காணொளியால் அந்த வாய்ப்பைத் திருப்பித் தர இயலாது. 2023 மகளிர் உலகக் கோப்பை முதல் நடுவர் தன் இறுதி முடிவை அரங்கின் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கம் பெரிய தொடர்களுக்கு வந்திருக்கிறது. அறிவிப்பில் அவர் சொல்லும் காரணத்தைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடைபோட வேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.

எட்டாம் படி: உண்மை பற்றிய தவறா, விதி பற்றிய தவறா?

ஆட்டத்தின் உண்மைகள் பற்றி நடுவர் எடுக்கும் முடிவு இறுதியானது என்கிறது ஐந்தாம் விதி. 2009 நவம்பரில் பாரிஸில் பிரான்சின் தியரி ஆன்ரியின் கையில் பட்ட பந்திலிருந்து கல்லாஸ் கோல் அடித்து, அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. கையில் பட்டதை ஆன்ரியே ஒப்புக்கொண்ட பின்னும் மறு ஆட்டம் கிடைக்கவில்லை. நடுவர் பார்க்கத் தவறியது உண்மை பற்றிய தவறு.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2005 செப்டம்பரில், உஸ்பெகிஸ்தான் - பஹ்ரைன் தகுதிச்சுற்று ஆட்டத்தில் வேறொன்று நடந்தது. உஸ்பெகிஸ்தான் பெனால்டியைக் கோலாக்கியது. ஆனால் உதைக்கும் முன்பே அந்த அணி வீரர் ஒருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார். விதிப்படி பெனால்டியை மீண்டும் அடிக்க வேண்டும். நடுவரோ பஹ்ரைனுக்கு மறைமுக ஃப்ரீ கிக் தந்தார். அவர் பார்த்ததில் பிழையில்லை, விதியைப் பொருத்தியதில் பிழை. 1-0 என்று உஸ்பெகிஸ்தான் வென்றிருந்த அந்த ஆட்டத்தை ஃபிஃபா ரத்து செய்து மறுபடி ஆட வைத்தது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த இரண்டாவது ஆட்டம் 0-0. வெளி மைதானத்தில் அடித்த கோலால் பஹ்ரைன் முன்னேறியது. முறையிட்ட உஸ்பெகிஸ்தானே இழந்தது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதை மற்ற இரண்டோடு கலக்கவே கூடாது. 2016 நவம்பரில் நடந்த தென்னாப்பிரிக்கா - செனகல் தகுதிச்சுற்றில் நடுவர் லாம்ப்டே தந்த ஹேண்ட்பால் பெனால்டியைப் பற்றி விசாரித்த ஃபிஃபா, ஆட்ட முடிவைச் சட்டவிரோதமாகப் பாதித்ததற்காக அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. ஆட்டம் 2017 நவம்பரில் மீண்டும் நடந்தது, செனகல் வென்றது. விசாரணையும் சான்றும் இருந்ததால் அது ஊழல் என்று சொல்லப்படுகிறது. அவை இல்லாத இடத்தில் தவறான முடிவை விலைபோன முடிவு என்று எழுதுவது, ஒரு மனிதரின் வாழ்க்கைக்கு நாம் செய்யும் பெரும் கேடு.

ஒரு சம்பவத்தை எல்லாப் படிகளிலும் வைத்துப் பார்த்தல்

2024 ஜூலை 5, ஸ்டுட்கார்ட், யூரோ கால் இறுதி. ஸ்பெயினும் ஜெர்மனியும் 1-1, கூடுதல் நேரம். ஜெர்மனியின் முசியாலா கோலை நோக்கி அடித்த பந்து, பெனால்டி பகுதிக்குள் நின்ற ஸ்பெயினின் குகுரெய்யாவின் இடது கையில் படுகிறது. நடுவர் அந்தோணி டெய்லர் பெனால்டி தரவில்லை, வி.ஏ.ஆரும் தலையிடவில்லை. கடைசி நிமிடங்களில் மெரினோ தலையால் முட்டி அடித்த கோலால் ஸ்பெயின் வென்றது.

விதி 2021-க்குப் பிந்தையது, வி.ஏ.ஆர். இருந்தது, பெனால்டி சம்பந்தப்பட்டது என்பதால் மறுஆய்வுக்கு உட்பட்டது. கையில் பட்டதா என்பதில் ஐயமில்லை. நடுவருக்கும் பார்வை மறையவில்லை. ஆகவே இது முழுக்கக் கணிப்பு. ஒரு பக்கம், கை உடலுக்கு அருகில் கீழ்நோக்கி இருந்தது, அதைப் பின்னே இழுக்கும் அசைவும் தெரிந்தது. கை செங்குத்தாகத் தொங்கினால் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்ற திசையில்தான் அந்தத் தொடருக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா தந்த வழிகாட்டுதலும் இருந்தது. மறுபக்கம், அது கோலை நோக்கிச் சென்ற பந்து. கை உடலோடு ஒட்டியிருக்கவும் இல்லை. சட்டை நிறத்தை மாற்றி முழு வேகத்தில் பார்த்தபோது, நான் பெனால்டி என்றே எழுதினேன். அதே ஆண்டு செப்டம்பரில் யூஃபாவின் நடுவர் குழுவும், கோலை நோக்கிய பந்தைக் கை தடுக்கும்போது கடுமையாகவே பார்க்க வேண்டும், அது பெனால்டியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு வந்ததாகச் செய்திகள் வெளியாயின.

முதல் கேள்விக்கு விடை: களத்து முடிவு தவறு. இரண்டாவது கேள்விக்கு வரும்போது, தொடருக்கு முன் நடுவர்களுக்குச் சொல்லப்பட்டதையும் அந்தக் கையின் நிலையையும் சேர்த்து வைத்தால், அந்த இரவில் காணொளி அறையில் இருந்தவர் அதை நிலைக்கவே முடியாத தவறு என்று அழைத்திருக்க முடியாது என்று கருதுகிறேன். ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கிடைக்காமல் போயிற்று. அதற்குக் காரணம் டெய்லரின் கணிப்பும் வழிகாட்டுதலின் சொற்களும். வி.ஏ.ஆர். தன் வரம்புக்குள்தான் நின்றது.